கால்மாட்டில் தலை

வீட்டில் அமைதி நிலவ வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகவே அவள் ஒரு பொய்க் கடிதத்துக்கு ஆசைப்பட்டாள். மற்றபடி, இருபத்திரண்டு ஆண்டு வேலையில் மருத்துவமனையின் பஞ்சுருண்டை ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துச் சென்றறியாதவள் அவள்.

அவளை அங்கே எல்லாரும் ஈ.சி.ஜி. அக்கா என்றே அழைத்தனர். தரைத்தளத்தில், மருந்து கொடுக்கும் சன்னலுக்கும் மாடிப்படிக்கும் இடையே அமைந்த சிற்றறை அவளுடையது. ஒரு கட்டில், ஒரு திரைச்சீலை, இதயத்தின் துடிப்பைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்து தள்ளும் இயந்திரம், ஒரு நாற்காலி. நாற்காலி இருந்ததே தவிர, அதில் அவள் உட்கார்ந்து பார்த்தவர் எவருமில்லை. "வாட்சைக் கழட்டுங்க, நேரா படுங்க, அசையாதீங்க, பேசாதீங்க" என்னும் நான்கு வாக்கியங்களை நாளொன்றுக்கு அறுபது பேரிடம் சொல்லிச் சொல்லி, மாலையில் வீட்டில் கணவன் ஏதேனும் பேச்செடுத்தாலும் "பேசாதீங்க" என்றே அவளுக்கு வாயில் வந்தது. அவன் லாரி ஓட்டுபவன். வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வீட்டில் இருப்பவன். ஆகையால் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். நடக்கத் தொடங்கிய நாள் முதல் ஓரிடத்தில் நில்லாமல் வீடு முழுவதும் சுற்றி வந்தமையால் பம்பரம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்தது, சுற்றுவது நின்றுபோயிற்று. பதினைந்து வயதில் பம்பரத்தின் உலகம் சோபாவின் இடது மூலையாகச் சுருங்கிவிட்டது. அங்கே சார்ஜ் ஏற்ற ஒரு மின்செருகி இருந்தது, ஒரு தலையணை இருந்தது, கையில் போன் இருந்தது. பள்ளியிலிருந்து வந்தால் அங்கே. சாப்பாட்டுத் தட்டும் அங்கே. அப்பா ஊரிலிருந்து வந்தால் அவர் உட்காருவதற்கு மட்டும் காலை மடக்கி இடம் விடுவாள்.

பள்ளியில் அவ்வாண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் ஓட்டத்தைக் கட்டாயம் ஆக்கியிருந்தார்கள். ஓட இயலாதோர் மருத்துவர் கடிதத்தையும் அதனோடு இதயப் பரிசோதனைத் தாளையும் இணைத்துத் தர வேண்டும். இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து காலைதோறும் வீட்டில் சண்டை.

"படி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா. நிஜமா."

"போனைப் புடுங்கினாக்கூடத்தான் உனக்கு அப்படி அடிக்கும்."

"விடேன் பிள்ளையை," என்று நடுவே புகுந்தான் கணவன். "நான் நாள் முழுக்க உக்காந்தேதான் வண்டி ஓட்டறேன். எனக்கென்ன ஆயிடுச்சு?" இதைச் சொல்லிக்கொண்டே இரத்த அழுத்த மாத்திரையை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.

மூன்று வாரம் இப்படியே சென்றது. சண்டை போடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா? அவளிடம் அது தீர்ந்துபோயிற்று. தான் கேட்டால் இல்லை என்று சொல்லாத ஒரு மருத்துவர் இருக்கிறார். தாள் எடுக்கும் இயந்திரமோ தன் கையிலேயே இருக்கிறது. ஒரு கடிதத்தோடு இந்த வழக்கைத் தலைமுழுகிவிடலாம் என்று தீர்மானித்தாள். சனிக்கிழமை ஒரு மணிக்கு, உணவு இடைவேளையில், மகளை அறைக்கு வரச் சொன்னாள்.

பம்பரம் வந்தாள். வந்தவள் முதலில் தேடியது மின்செருகியை. அது கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் இருந்தது.

"சார்ஜ் ரெண்டு பர்சன்ட்தாம்மா இருக்கு. நான் இப்படிப் படுத்துக்கறேன்."

தலையணையைக் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டு, அங்கே தலை வைத்து நீட்டி நிமிர்ந்தாள். போனைக் காதோரம் சாய்த்து வைத்தாள். அதில் யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படியோ படு. அசையாம இரு," என்றாள் தாய்.

கண்ணை மூடிக்கொண்டும் அவளால் அந்த வேலையைச் செய்ய முடியும். அன்று ஏறத்தாழ அவ்வாறே செய்தாள். எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று, தன் பக்கத்துக் கையில் சிவப்புக் கிளிப்பையும் அப்பால் இருந்த கையில் மஞ்சள் கிளிப்பையும் மாட்டினாள்; பிறகு கால்கள். மார்பில் வைக்கும் ஆறு குமிழ்களை மட்டும் விலா எலும்பை விரலால் எண்ணி எண்ணி அதனதன் இடத்தில் பொருத்தினாள். பொத்தானை அழுத்தினாள். காகிதம் நகர்ந்தது.

முதல் வரியிலேயே அலைகள் தலைகீழாகத் தொங்கின.

அவள் காகிதத்தைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேல்நோக்கி எழ வேண்டிய கூர்முனைகள் யாவும் முதல் வரியில் பள்ளத்தில் இறங்கியிருந்தன. இத்தகைய தாளை இதயம் வலப்பக்கம் மாறி அமைந்தவர்களிடம் அவள் இரண்டு முறை கண்டிருக்கிறாள். அவர்களுள் ஒருவர் எழுபது வயதுப் பெரியவர். அதைப் பற்றிக் கவலையே இன்றி எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு போனார். மற்றொருத்தி ஆறு வயதுச் சிறுமி. அவளுக்கு உள்ளே வேறு கோளாறுகளும் இருந்தன. இரண்டு அறுவைகள் நடந்தன. தாய்மனம் எழுபது வயதுப் பெரியவரை நினைத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு முறை எடுத்துப் பார்த்திருக்கலாம். பிறர் பிள்ளையாக இருந்தால் மறுகணமே எடுத்திருப்பாள். ஆனால் மறுபடியும் அப்படியே வந்துவிட்டால் என் செய்வது? அவ்வாறு அவள் தயங்கி நிற்பதற்குள், "முடிஞ்சுதா?" என்று கிளிப்புகளைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள் பம்பரம். அதே நேரத்தில் கதவருகே வார்டு உதவியாளரின் குரல் கேட்டது.

"அக்கா, மிஷினோட வாங்க. அவசரப் பிரிவுல ஒருத்தர் விழுந்துட்டாராம்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மருத்துவர் வருவது நான்கு மணிக்கு. இடையில் மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் அவள் பத்தொன்பது பேருக்குப் பரிசோதனை செய்தாள். பத்தொன்பது பேரின் முதல் வரியும் ஒழுங்காக நிமிர்ந்து நின்றது. ஒவ்வொன்றையும் கிழிக்கும்போது பையில் இருந்த தாள் கனத்தது. படி ஏறினால் நெஞ்சு அடிக்கிறது என்று பிள்ளை எத்தனை முறை சொன்னாள். சென்ற மாதம் காய்கறிப் பையைத் தூக்கி வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாளே. அன்று என்ன சொன்னோம்? நடிக்காதே என்றோம்.

தான் விரும்பியது ஒரு பொய் நோய். இயந்திரம் மெய்யானதையே கொடுத்துவிட்டது. கேட்டதற்கு மேல் கொடுக்கும் கை எதுவோ, அதனிடம் அவள் மன்றாடத் தொடங்கினாள். ஓடட்டும், கடைசியாக வரட்டும், நடுவழியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளட்டும். ஓடக்கூடிய நெஞ்சாக மட்டும் அது இருந்துவிட்டால் போதும்.

வெளியே நீள்பெஞ்சில் பம்பரம் அமர்ந்திருந்தாள். அவ்வழியே போகும்போதெல்லாம் தாயின் கண் அவள்மேல் படிந்து மீண்டது. மூன்றாம் முறை அவள் தலை நிமிர்ந்தாள்.

"ஏம்மா அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்ல."

"போனை வைன்னு சொல்லலையே நீ. மூணு தடவை இந்தப் பக்கம் வந்துட்டே, ஒரு தடவைகூடச் சொல்லல." அவள் குரல் இறங்கியது. "தாள்ல ஏதோ இருக்கா?"

"டாக்டர் வரட்டும்."

அதன்பின் பம்பரம் போனில் எதைத் தேடிப் படித்தாளோ தெரியாது. அடுத்த முறை தாய் அவ்வழியே வந்தபோது போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது; மகள் ஒரு கையால் மார்பின் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளின் நுனியை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

நான்கு மணிக்கு மருத்துவர் வந்தார். ஒல்லியான, வேகமாக நடக்கும் இளம்பெண். பயிற்சிக்கு வந்த காலத்தில் கிளிப் மாட்டக் கற்றதே இந்த அறையில்தான். தாளை வாங்கி முதல் வரியைப் பார்த்தார், புருவம் உயர்ந்தது. கீழ் வரிகளைப் பார்த்தார், புருவம் இறங்கியது.

"யார் எடுத்தது அக்கா?"

"நான்தான்."

"நீங்களேவா?"

"நானேதான் டாக்டர். என் பொண்ணுது."

மருத்துவர் தாளை அவள் பக்கம் திருப்பினார். "மார்புல வச்ச ஆறும் ஒழுங்கா ஏறி வருது பாருங்க. இதயம் வலப்பக்கம் இருந்தா இது இப்படி வராது. கை ரெண்டுலயும் கிளிப் மாறி இருக்கு. இதே தப்புக்கு வராந்தாவுல எல்லார் முன்னாடியும் என்னைக் கிழி கிழின்னு கிழிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"நான் மாத்திப் போடுவேனா?" என்றாள் அவள். குரலில் கோபம் எழ முயன்று, வழியிலேயே அமர்ந்துவிட்டது.

மருத்துவர் மகளின் பக்கம் திரும்பினார். "நீ எப்படிம்மா படுத்திருந்தே? படுத்துக் காட்டு."

பம்பரம் தலையணையைக் கால்மாட்டுக்கு இழுத்தாள். சுவரில் போனின் சார்ஜர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் படுத்ததும் ஈ.சி.ஜி. அக்கா தன் வழக்கமான இடத்தில் நின்றாள். தன் பக்கத்தில் இருந்த கையைப் பார்த்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில் வந்தது நோயாளியின் வலக்கை. இப்போது அங்கே கிடந்தது மகளின் இடக்கை. கட்டிலில் ஆள் திரும்பிப் படுத்தாள். வேலை செய்த கைகள் திரும்பவில்லை.

மருத்துவர் தாமே கிளிப்புகளை மாட்டித் தாளெடுத்தார். முதல் வரி நிமிர்ந்து நின்றது.

ஈ.சி.ஜி. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அது இத்தனை தாழ்வானது என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள் பம்பரம். மூன்று வாரமாக நோய் வேண்டும் என்று அடம் பிடித்தவளின் குரலாக அது இல்லை.

"அவசரப்படாதே." மருத்துவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "சும்மா படுத்திருக்கும்போதே நாடி தொண்ணூத்தெட்டு." கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். "இதுவும் உன் வயசுக்குக் கொஞ்சம் மேலதான். பயத்துல ஏறி இருக்கலாம். இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டு விட்டுப் பார்க்கணும். எழுந்திரு. ரெண்டாவது மாடி வரைக்கும் ஏறிட்டு இறங்கி வா."

போய் வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச முடியவில்லை. மருத்துவர் நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அது இறங்கி வர நெடுநேரம் எடுத்தது.

"கேட்ட வரைக்கும், பார்த்த வரைக்கும் நோய் இல்ல," என்றார். "நெஞ்சுக்கு வேலையே குடுக்காம வச்சிருக்கோம், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்மா போன் பாக்கறே?"

"ஒரு ரெண்டு மணி நேரம்."

மருத்துவர் கையை நீட்டினார். தயங்கித் தயங்கித் திறந்து கொடுக்கப்பட்ட போனில், எங்கோ ஒரு மூலையில், கணக்கு இருந்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை: ஒன்பது மணி பத்து நிமிடம்.

"உன் போனுக்கு உன்னை மாதிரிப் பொய் சொல்ல வரல."

தாய் அந்த எண்ணைப் பார்த்தாள். சென்ற ஞாயிறு அவளுக்கு வேலை நாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டதற்கும் திரும்பி வந்து திறந்ததற்கும் இடையே ஒன்பது மணி நேரம் சொச்சம். மகளுக்கு ஆறு வயதானபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஒரு நாளில், முதன்முதலாகப் போனைக் கையில் கொடுத்தவள் அவளே. "இதைப் பார்த்துக்கிட்டு ஒரே இடத்துல இருக்கணும். அம்மா வர்ற வரைக்கும் அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு சொல்லை மட்டும் பிள்ளை இன்றளவும் தட்டவில்லை.

மருத்துவர் மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "காலையில போன்ல கேட்டீங்களே, அந்த லெட்டர். எழுதவா? எழுதறது சரியில்லன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா நீங்க கேட்டு நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

ஒரு கையெழுத்து, திங்கட்கிழமை காலை முதல் வீட்டில் அமைதி. அவள் அந்த அமைதியை நினைத்துப் பார்த்தாள். அது சோபாவின் இடது மூலையில் தலையணை வைத்துப் படுத்திருந்தது.

"வேணாம் டாக்டர்."

"அம்மா!"

"வேணாம்டி. ஓடு."

"நீதானே கூட்டிட்டு வந்தே? நான் கேட்டேனா இங்க வரணும்னு?"

"ஆமா, நான்தான். புத்தி கெட்டுப்போய்க் கூட்டிட்டு வந்தேன். இந்த மூணு மணி நேரம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

பம்பரத்தின் முகம் கோணியது. அழுகை வந்தது, ஆனால் அது இதுவரை வீட்டில் கேட்ட அழுகை அன்று. "போன வருஷம் ஸ்போர்ட்ஸ் டேல நான் கடைசியா வந்ததை ஒருத்தி வீடியோ எடுத்துப் போட்டா. பின்னாடி பாட்டு வேற சேர்த்து. ஸ்கூல் முழுக்க நாலு நாள். நான்தான் ஓடல, வீடியோ நல்லா ஓடிச்சு."

மருத்துவர் பேனாவை மூடினார். தாய் நாற்காலியிலிருந்து எழுந்து மகளின் அருகே வந்தாள். மூன்று வாரமாகச் சோம்பலோடு அல்லவா தான் மல்லுக்கட்டுவதாக எண்ணியிருந்தாள்?

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போனைப் புடுங்குவே."

புடுங்கியிருப்பாள்தான்.

"நான் வேணா அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்து நிக்கட்டுமா, மைதானத்துல?"

"ஐயோ, அதுக்குக் கடைசியா வர்றதே மேல்," என்றாள் மகள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டில் ஏதோ எழுதிக் கிழித்தார். அதில் மருந்து எதுவும் இல்லை. 'தினமும் நடை. பேசிக்கொண்டே நடக்கும் வேகம். மூச்சு முட்டினால் நிற்கவும். மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே என்னிடம் வரவும். இரத்த அழுத்தம், அடுத்த சனி' என்றிருந்தது. "ஓட்டத்துக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கு. முதலா வர மாட்டே. நடுவுல நிக்காம முடிக்கலாம். அந்த வீடியோ விஷயத்தைப் பள்ளிக்கூடத்துல சொல்லுங்க அக்கா, விடாதீங்க."

ஐந்தரை மணிக்கு இருவரும் பேருந்தில் ஏறினார்கள். வீட்டுக்கு மூன்று நிறுத்தங்கள் இருக்கும்போது தாய் எழுந்தாள்.

"இங்க எதுக்கு இறங்கறே?"

"நடக்கலாம்."

"நீயா? வீட்டுக்கு வந்ததும் கால் ஒடியுதுன்னு சுவத்துல காலைத் தூக்கி வச்சுப் படுப்பியே."

"வீட்டுக்குப் போய்த் தூக்கி வச்சுக்கறேன். இறங்கு."

தைக்கும் கடை, பூட்டிய வங்கி, வண்டி கழுவும் இடம் என்று ஒவ்வொன்றாகக் கடந்தார்கள். முதல் நிறுத்தம் வரை மகள் இரண்டடி பின்னால் முறைத்துக்கொண்டே வந்தாள். இரண்டாவதற்கு முன்பாகவே தாயின் நடை தளர்ந்து, இருவரும் ஒன்றாகிவிட்டனர். நாள் முழுவதும் ஆஸ்பத்திரித் தரையில் அலைந்த கால்களுக்குத் தார்ச்சாலை வேறொரு தண்டனையாக இருந்தது.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதியில் பம்பரம் நின்றுவிட்டாள். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினாள். கீழே விளக்குப் போட்ட வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"அடிக்குதும்மா."

"நடிக்காதே" என்னும் சொல் நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "வலிக்குதா, அடிக்குதா?"

"அடிக்குதுதான். வலி இல்ல."

"கையைக் குடு."

மகள் நீட்டினாள். தாய் வாங்குவதற்கு முன் ஒரு கணம் நிதானித்து, "இது எந்தக் கை?" என்று கேட்டாள்.

"வலது கைதாம்மா," என்றாள் பம்பரம். மூச்சு வாங்குவதன் நடுவே ஒரு சிரிப்பு தப்பி வெளியே வந்துவிட்டது. "இதுக்கு எந்தக் கையா இருந்தா என்ன?"

"ஒண்ணுமில்ல. கேட்டு வச்சுக்கறேன்."

மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தாள். அங்கே அது குதித்துக்கொண்டிருந்தது; வேகமாக, ஆனால் ஒழுங்காக. வழக்கம்போல் இடக்கையைத் திருப்பிப் பார்த்தாள். கடிகாரத்தை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

பம்பரம் மற்றக் கையால் போனை எடுத்தாள். தாய் பார்த்தாள்; மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுக்கவில்லை. திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின.

"எண்ணும்மா. முப்பது செகண்ட் ஆனதும் சொல்றேன்."

தாய் எண்ணினாள். மகள் திரையைப் பார்த்தபடி நின்றாள். முப்பது ஆனதும் சொன்னாள். எண்பது அடித்திருந்தது. இரண்டால் பெருக்கி, அந்த எண்ணை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இறங்கட்டும்," என்றாள் தாய், சுவரில் சாய்ந்து ஒரு காலைத் தூக்கி மறுகாலின்மேல் வைத்துக்கொண்டு. "இறங்கின பிறகு போகலாம். மறுபடி போடு."

பம்பரம் மறுபடியும் நொடிகளை ஓட விட்டாள்.